இந்தத் தீபாவளிக்குப் பொம்மை வேண்டாம்

என் மகனுக்கு இரண்டு வயது நிறைந்தபோது அவனிடம் நாற்பத்து மூன்று பொம்மைகள் இருந்தன. அதில் ஒன்றைக்கூட அவன் தொட்டு விளையாடக் கூடாது.

ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு அறைகள். முன்னறைச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி ஷோகேஸ். சாவி கொடுத்தால் மேளம் தட்டும் குரங்கு, படுக்க வைத்தால் கண்ணை மூடும் வெள்ளைக்காரப் பொம்மை, துபாயிலிருந்து என் தம்பி அனுப்பிய ஹெலிகாப்டர், இரண்டு பேட்டரி ரயில்கள், எல்லாம் வந்த பாலிதீன் உறையோடு அதற்குள் இருந்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பிளாக்கில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். நல்ல பொம்மை என்றால் அது பார்ப்பதற்கு. என் மகன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கொஞ்ச நேரம் பார்ப்பான். பிறகு சமையலறைக்குப் போய்க் குக்கர் வெயிட்டை எடுத்துவந்து உருட்டிக்கொண்டிருப்பான்.

கொடுத்தவர்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும் அவரவர் பொம்மைக்கு விடுதலை. படியில் குரல் கேட்டதும் நான் ஓடிப்போய் ஷோகேஸைத் திறந்து, உரிய பொம்மையை எடுத்துப் பிள்ளையின் மடியில் வைக்க வேண்டும். ஒருமுறை என் கணவரின் அக்கா, எனக்கு அண்ணி, காட்டுப்பாக்கத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். அவசரத்தில் நான் அவர் கொடுத்த ரயிலை விட்டுவிட்டு மற்றொரு ரயிலை எடுத்து வைத்துவிட்டேன். அண்ணி காபியைக் குடிக்கவில்லை. "எனக்கென்ன, நான் வாங்கிக் குடுத்தது எங்கயாவது மூலையில கெடக்கும்" என்றார். பஸ் ஏறும் வரை அதே பேச்சுதான்.

என் கணவர் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தார். அன்று மாலையே பிளாஸ்திரி வாங்கிவந்து, ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் ஒட்டி, 'காட்டுப்பாக்கம்', 'வானகரம்', 'துபாய்' என்று பால்பாயின்ட் பேனாவால் எழுதினார். சொந்தக்காரர்களை ஊர்ப் பெயரால்தானே சொல்கிறோம், சிக்கலே இல்லை. அவருக்குப் பரம திருப்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இத்தனை பொம்மைகள் ஏன் வந்தன என்று எனக்குத் தெரியும். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் குழந்தை இல்லை. அண்ணியின் மகளுக்கு வளைகாப்பு நடந்தபோது, நான் வளையலைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். அண்ணி வந்து என் காதருகே, "உள்ள அடுப்புல பாயசம் பொங்குது பாரும்மா" என்றார். அடுப்பில் பாயசம் இல்லை. இறக்கி வைத்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. ஆறிப்போன அந்தப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு, வெளியே பாட்டு முடியும் வரை உள்ளேயே நின்றேன். அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள்தான் பிறகு ஆளுக்கு இரண்டு மூன்றாகப் பொம்மை வாங்கிவந்தார்கள். வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்வதைவிடப் பொம்மை வாங்குவது சுலபம். நானும் பல்லிளித்துக்கொண்டு வாங்கி வைத்தேன், அதுதான் வெட்கக்கேடு.

அந்த ஒன்பது வருடமும் எனக்குத் துணையாக இருந்தவர் எதிர்வீட்டு அக்கா. அவருடைய கணவரும் அதே தொழிற்சாலைதான். அவர்களுக்குக் கோவில்பதாகை பக்கம் பூர்வீகம். அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவருக்கும் குழந்தை இல்லை. எங்கள் பிளாக்கில் விசேஷம் என்றால் நாங்கள் இருவரும் பந்தியில் கடைசி ஆளாக உட்கார்ந்து, யாரைப் பற்றியாவது பேசிச் சிரித்துக்கொண்டு சாப்பிடுவோம். "நம்ம ரெண்டு பேருக்கும் தனி எல போட்டுக்கீறாங்கம்மா, ராஜ மரியாதை" என்பார்.

என் மகன் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது அந்த அக்கா ஒரு கிலுகிலுப்பை வாங்கிவந்து, அவனை ஒரு மணி நேரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போனார். சாயங்காலம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அண்ணி அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தார். "யார் தூக்கினாங்க, நெனச்சுப் பாரு" என்று மட்டும் சொன்னார். நான்தான் மிளகாயும் உப்பும் எடுத்தேன். நான்தான் பிள்ளையின் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துச் செய்ய வைக்கவில்லை. எதிரும் புதிருமாக இருக்கும் வீடுகளில் மிளகாய் நெடி எங்கே போகும்? எதிர்வீட்டில் ஒருவர் இருமுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எங்கள் பிளாக்கில் விளக்கு வைக்கிற நேரத்தில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த அக்கா எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. படிக்கு வெளியே நின்று, "இன்னா நைனா, சாப்ட்டியா?" என்று பிள்ளையிடம் கேட்பார். அவன் கையை நீட்டினால், தன் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வார். ஒன்றரை வருடம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வருடத் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அண்ணியிடமிருந்து தகவல் வந்தது. பிள்ளை உட்கார்ந்து மிதிக்கிற கார் ஒன்றை வாங்கிவிட்டாராம், முதல்நாளே கொண்டுவந்து தங்குகிறாராம். "எங்க வைக்கிறது?" என்று கணவர் தலையைச் சொறிந்தார். "உங்க தலைமேல வைங்க" என்றேன். இந்தத் தீபாவளிக்கு இந்த வீட்டுக்குள் ஒரு பொம்மை வரக் கூடாது என்று கத்தினேன். அவர் பிளாஸ்திரிச் சுருளைத் தேட ஆரம்பித்தார்.

மறுநாள் எதிர்வீட்டு அக்கா படிக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"புள்ளைக்கு இன்னாம்மா வாங்கறது? மார்க்கெட்டாண்ட ரெண்டு தபா போயி சும்மா வந்துகினு கீறேன். எதைப் பாத்தாலும் அவங்கிட்ட கீது. இல்லாததா ஒண்ணு சொல்லேன்."

ஷோகேஸைத் திரும்பிப் பார்த்தேன். உண்மைதான், எல்லாம் இருந்தது. பந்து வேண்டுமென்று சொல்லியிருக்கலாம், துணி என்று சொல்லியிருக்கலாம். அவர் வாங்கிவந்து படிக்கு வெளியிலிருந்தே நீட்டியிருப்பார்.

"ஒண்ணும் வாங்காதீங்கக்கா. தீபாவளி அன்னிக்கு நீங்க வந்து அவனுக்கு எண்ணெய் வெச்சுக் குளிப்பாட்டி விடுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நானா? உங்க நாத்தனாரு வர்றாங்கன்னியே."

"வரட்டும்."

"வோணாம்மா. நல்ல நாளும் அதுவுமா... அப்பால புள்ளைக்கு ஏதானா ஒண்ணுன்னா?"

"அன்னிக்கு மிளகாய் சுத்திப் போட்டது நான்தாங்க்கா. எங்க அண்ணி இல்ல."

"தெரியும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "வரேன்" என்றும் சொல்லவில்லை, "வரலை" என்றும் சொல்லவில்லை. போய்விட்டார்.

தீபாவளிக்கு முதல்நாள் அண்ணி ஆட்டோவில் கார் கொண்டுவந்து இறக்கினார். சிவப்புக் கார், முன்னறையில் பாதி. இரவுச் சாப்பாட்டின்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அண்ணி கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அத்தை நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். அந்தப் பொம்பளை கையால எம் மருமகனுக்கு எண்ணெயா?"

"ஒன்பது வருஷம் நானும் அந்தப் பொம்பளைதான் அண்ணி" என்றேன்.

என் கணவர் சாதத்தில் மோரை ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். எனக்கு அதற்குமேல் பேசத் தேவை இருக்கவில்லை. வளைகாப்பு நடந்து ஐந்தாறு வருடமாக வாயில் வைத்திருந்த வாக்கியம் அது.

விடிந்தும் விடியாமல் பட்டாசு ஆரம்பித்துவிட்டது. நான் பிள்ளையின் துணியை முழுக்கக் கழற்றி, அவனை மனைப் பலகையில் உட்கார வைத்து, காய்ச்சிய எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்தேன். அண்ணி கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவன் குளிரில் நடுங்க ஆரம்பித்தபோது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அப்போதுதான் அக்கா வந்தார். தலைக்குக் குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, படியில் ஒரு நொடி நின்று, உள்ளே வந்தார்.

"எவ்ளோம்மா வெக்கணும்?" என்று கேட்டார். நாற்பது வயதைத் தாண்டியவர். அதுவரை எந்தப் பிள்ளைக்கும் எண்ணெய் வைத்ததில்லை. யாரும் அவரை வைக்க விட்டதில்லை.

"உங்க இஷ்டம்" என்றேன். அவர் கிண்ணத்தில் பாதியைக் கவிழ்த்துவிட்டார். எண்ணெய் புருவத்தில் வழிந்து கண்ணில் இறங்க, பிள்ளை ஊரைக் கூட்டினான். "பாத்தியா, அழறான்" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "எண்ணெய் கண்ணுல பட்டா மாமன் வெச்சாலும் அழுவான், மகாராஜா வெச்சாலும் அழுவான்" என்றேன். அக்காவின் கை நின்றது. "நீங்க தேய்ங்கக்கா" என்று சத்தமாகச் சொன்னேன். தேய்த்தார். சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, துவட்டி, சாம்பிராணி காட்டி, புதுச்சட்டை மாட்டிவிட்டு, தன் வீட்டுக்குப் போனார். அந்தத் தீபாவளிக்கு என் மகனுக்காக நான் தேர்ந்தெடுத்த பரிசு அது ஒன்றுதான்.

பகல் மூன்று மணிக்கு அவன் உடம்பு கொதித்தது.

அதிரசமும் முறுக்குமாகத் தின்ற பிள்ளை, காலை முழுக்கப் பட்டாசுப் புகையில் நின்ற பிள்ளை. காரணம் எனக்குத் தெரியும். இருந்தாலும் பயந்தேன், அதை மறைக்கப் போவதில்லை. பயம் புத்தியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. காய்ச்சல் மருந்தை ஒரு மூடி அளந்து கொடுத்தேன். அண்ணி எழுந்து வந்து என் முகத்தையே பார்த்தார். "நான் என்னத்தைச் சொல்ல? சொன்னாத்தான் நீ கேக்கறதில்லையே" என்றார். பிள்ளை சிணுங்கி அழுதான். அழுகை கேட்டிருக்க வேண்டும். எதிர்வீட்டுக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்த் தட்டினேன். அக்கா கதவைப் பாதி திறந்தார். பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். இரண்டு கையும் முந்தானைக்குள் போயின.

"நான் அப்பவே சொன்னேனேம்மா" என்றார்.

என் முதுகுக்குப் பின்னால் அண்ணி எங்கள் வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. நல்லது, நன்றாகப் பார்க்கட்டும்.

"புள்ளைக்குக் காய்ச்சல்க்கா. மருந்து குடுத்திருக்கேன். எனக்கு ராத்திரிக்குச் சமைக்கணும், கொஞ்ச நேரம் மடியில போட்டுக்குங்க" என்றேன்.

அவர் கையை வெளியே எடுக்கவில்லை. நானும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. தோள் வலித்தது. பிள்ளைதான் சலித்துப்போய் என் கழுத்தை விட்டுவிட்டு அவர் பக்கம் சாய்ந்தான். விழுந்துவிடப் போகிறானே என்று அவர் பதறிப் பிடித்தார்; பிடித்தவர் விடவில்லை. நான் அண்ணியைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தேன்.