அக்காவின் கல்சர் ரிப்போர்ட்

வேங்கிக்காலில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கிருமிகளை வளர்த்துப் பார்ப்பதுதான், அதாவது கல்சர் டெஸ்ட்தான், என் வேலை. யார் யாருடைய சிறுநீரையோ சோதித்தவள், சொந்த அக்காவின் சிறுநீர்க் கிருமியை வளர்த்த கண்ணாடித் தட்டைத் திறந்தபோது எரிச்சலில் பல்லைக் கடித்தேன். தட்டில் வைத்த மருந்து வில்லைகளைச் சுற்றிக் கிருமி செத்து, வட்டமாகத் தெளிந்திருக்க வேண்டும். ஊசி மருந்து ஒன்றிரண்டைத் தவிர, எல்லா வில்லைகளின் ஓரம் வரைக்கும் கிருமி மெழுகியதுபோல் படர்ந்திருந்தது.

அக்காவுக்குக் கீழ்பென்னாத்தூரில் கடலைக் காடு. ஒரு வருஷமாக நீர்க்கடுப்பு வரும்போதெல்லாம் மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்குவாள். இரண்டு போட்டதும் கடுப்பு நின்றுவிடும். மீதி டப்பாவுக்குப் போகும். எத்தனை தடவை கத்தியிருப்பேன்! குளிர்காய்ச்சல் வந்து இடுப்பு விட்டுப்போன பிறகுதான் டாக்டரிடம் வந்தாள்.

"எந்த மாத்திரையும் கேக்காதுனா என்னாடி அர்த்தம்? பவர் ஜாஸ்தியா எழுதச் சொல்லு."

"பவர் இல்லக்கா. அந்தக் கிருமி தன் மேல்தோல்ல மருந்து உள்ள பூர்ற ஓட்டைய கம்மி பண்ணிக்கிச்சு. அதையும் தாண்டி உள்ள போற மருந்த, ஒரு என்சைம் வெச்சு வெட்டிப் போட்டுடுது."

"அதுக்கு அவ்ளோ அறிவு எங்கருந்து வந்துச்சு?"

"அறிவெல்லாம் இல்ல. நீ பாதி பாதியா போட்டதுல சாவறது செத்துச்சு. தாங்கறது மட்டும் பொழச்சுப் பெருகிடுச்சு."

"அப்போ தப்பு என்மேலதான்ற."

ஆமாம் என்றேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பத்து நாள் ஊசி என்றார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் காலையில் போனால், பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"கடல பறிக்க ஆளு வருது. காச்சல்தான் உட்டுச்சே."

"இன்னும் ஏழு நாள் ஊசி இருக்குக்கா!"

"கத்தாத. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் நீர்க்கடுப்பாம். டப்பால இருந்த ரெண்டு மாத்திரைய குடுத்தேன், பாவம்."

ஓடிப்போய் அந்த அம்மாவின் கையிலிருந்து மாத்திரையை வாங்கினேன். நல்லவேளை, காபி வரட்டும் என்று காத்திருந்தார். திரும்பி வந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துக்கம் இல்லை, ஆத்திரம். வார்டே பார்த்தது. அக்கா மிரண்டுபோய்ப் பையை இறக்கி வைத்தாள்.

"சரி, அழாத. எத்தினி ஊசியோ அத்தினியும் போட்டுக்கறேன்."

மாமாதான் ஆள் வைத்துக் கடலை பறித்தார். பத்து நாளும் முடிந்து, ஒரு வாரம் கழித்து அவள் சிறுநீரை மறுபடி வளர்த்துப் பார்த்தேன். தட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை. சந்தோஷத்தில் உடனே போன் போட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லனு நான் அப்பவே சொன்னேனே" என்றாள் அக்கா.