குடத்தில் வந்த மின்சாரம்

மூன்று வருடங்களுக்கு முன், மழை விட்டு வெயில் பளிச்சென்று அடித்த ஒரு மார்கழிச் சனிக்கிழமை, சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் நடந்தது இது. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆற்றல் கண்காட்சி. மின்துறைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். முதலிடம் பெறும் குழு, கடலூரில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் போகும்.

தொடக்கவுரையும் நான்தான். மின்சாரம் கம்பியில் வரும்போது வழியில் எப்படி வீணாகிறது, அதைக் குறைக்க ஏன் உயர் அழுத்தத்தில் அனுப்புகிறோம் என்று கரும்பலகையில் சூத்திரம் எழுதி அரை மணி நேரம் விளக்கினேன். முன் வரிசையிலேயே இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொரு மேஜையாகப் பார்த்து வந்தேன். காற்றாலை, சூரியத் தகடு, தெர்மாகோல் வீடு, சின்னச் சின்ன பல்புகள். கடைசி மேஜையில் எதுவுமே இல்லை. அதன் அடியில் இரண்டு பிளாஸ்டிக் குடங்கள் மட்டும் இருந்தன. ஒன்றில் தண்ணீர், மற்றது காலி. பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் நின்றிருந்தார்கள். மாடல் எங்கே என்று கேட்டேன்.

"நாங்கதான் சார் மாடல்," என்றாள் முன்னால் நின்ற சிறுமி. மைதானத்துக்கு வந்தால் செய்து காட்டுகிறோம் என்றாள்.

எனக்குப் பசி. வெயிலில் இறங்க மனமில்லை. "கரண்ட் புராஜெக்ட்ல ஒரு பல்பு கூட இல்ல. தண்ணிய செடிக்கு ஊத்திட்டு வீட்டுக்குக் கிளம்புங்க," என்றேன். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிறுமி சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு வாட்டி பாருங்க சார்."

அதற்குள் அவர்கள் பெயருக்கு நேராகப் பூஜ்யம் போட்டுவிட்டேன். முதலிடத்தை ஒரு பளபளப்பான காற்றாலைக்குக் கொடுத்தேன். கடையில் வாங்கிப் பொருத்தியது என்று பார்த்தவுடனே தெரிந்தது, தெரிந்தேதான் கொடுத்தேன். பட்டியலில் கையெழுத்துப் போட்டுத் தலைமையாசிரியையிடம் தந்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

கை கழுவக் குழாயடிக்கு வந்தால், மைதானத்தில் ஒரே கூச்சல். அந்தப் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒரு முனையில் நிறைகுடம், அது மின்சாரம் உற்பத்தியாகும் நெய்வேலி. மறுமுனையில் காலிக்குடம், அது வீடு. நடுவில் நின்றவர்கள் சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம். நெய்வேலி தண்ணீரைக் கையில் அள்ளி அடுத்தவர் கையில் ஊற்ற, அவர் அதற்கடுத்தவர் கையில் ஊற்ற, அந்தச் சிறுமி பஸ் கண்டக்டர் மாதிரி ஊர்ப்பெயரைக் கத்திக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் தரையில்தான் போனது. மற்றப் பள்ளிப் பிள்ளைகளெல்லாம் தங்கள் மேஜைகளை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்று கைதட்டினார்கள்.

புவனகிரியாக நின்ற பையன் சட்டையைப் பிழியப் போய்விட்டான். சிறுமி சுற்றிலும் தேடினாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

"சார், கொஞ்ச நேரம் புவனகிரியா நில்லுங்க சார்!"

எழுபத்து மூன்று வயதில் போய் நின்றேன். எனக்குக் கை நடுங்கும். சேத்தியாத்தோப்பு ஊற்றியதில் முக்கால்வாசி என் பேன்ட்டில் விழுந்தது. "புவனகிரியிலதான்டா லாஸ் ஜாஸ்தி!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, மைதானமே சிரித்தது. அவ்வளவு சத்தமாக நான் சிரித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

அடுத்த சுற்றில் கையால் அள்ளவில்லை. இன்னொரு முறை குடத்தை நிரப்பி, அதை அப்படியே தூக்கிக் கை மாற்றினார்கள். சில சொட்டுகள்தான் சிந்தின. "கொஞ்சங் கொஞ்சமா அள்ளுனா நூறு வாட்டி கை மாறணும், நூறு வாட்டியும் கொட்டும். குடத்தோட குடுத்தா ஒரே வாட்டிதான். அதுக்குத்தான் வோல்டேஜ ஏத்தி, பெரிய டவர்ல அனுப்புறாங்க," என்றாள் சிறுமி. காலையில் தூங்கிய இருவரில் ஒருவன், "ஓ, இதத்தான் அந்த சார் சொன்னாரா!" என்றான். அந்த சாராகிய நான் அவன் பக்கத்தில்தான் சொட்டச் சொட்ட நின்றிருந்தேன்.

நேராகத் தலைமையாசிரியையிடம் போய்ப் பட்டியலைத் திருப்பிக் கேட்டேன். சான்றிதழில் பெயர் எழுதியாகிவிட்டது என்றார். நான் பார்க்காமலே போட்ட மார்க் அது என்றேன். அவர் என் நனைந்த பேன்ட்டை ஒரு முறை பார்த்தார். புதுச் சான்றிதழை எடுத்தார். பரிசளிப்பில் மைக் முன் நின்று, பூஜ்யம் போட்டதையும் கேலி செய்ததையும் சொல்லி அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன். கடலூருக்குப் போவது அவர்கள்தான் என்று அறிவித்ததும் ஆறு பேரும் மேடைக்கு ஓடி வந்த ஓட்டத்தில் ஒருத்தியின் செருப்பு எங்கோ பறந்தது.

கடலூருக்கு நானும் கூடப் போனேன். அங்கே பரிசு கிடைக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில், சிறுமியைத் தேற்றலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அதனால என்ன சார்? ஜட்ஜுங்க மூணு பேரையும் நனைச்சுட்டோம்ல!" என்றாள்.

இப்போதும் என்னை நடுவராகக் கூப்பிடுகிறார்கள். அந்தச் சனிக்கிழமைக்கு முன் எத்தனையோ பள்ளிகளில் மதிப்பெண் போட்டிருக்கிறேன். ஒரு முறை பாருங்கள் என்று கேட்கத் துணியாமல், கொண்டுவந்ததை எடுத்துக்கொண்டு வீடு திரும்பிய பிள்ளைகள் எத்தனை பேரோ தெரியாது. அவர்களிடம் கேட்க முடியாமல் போன மன்னிப்புதான் இன்று ஒவ்வொரு மேஜை முன்னாலும் என்னைக் கூடுதலாகப் பத்து நிமிடம் நிற்க வைக்கிறது.