தம்பிக்குக் கிடைத்த அறை

அப்பா பக்கத்துப் பேட்டையான ஔந்தில் ஒரு கடை வாசலில் மாரடைப்பால் விழுந்து இறந்த பிறகு, எனக்கும் தம்பிக்கும் ஒரே பயம் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் படபடத்தாலே நெஞ்சு நின்றுவிடப் போகிறது என்று தோன்றும். எனக்குப் பஸ்ஸில், அவனுக்கு ஆபீஸ் லிஃப்டில். இ.சி.ஜி. பார்த்த டாக்டர், இதயத்தில் ஒன்றுமில்லை, மனப்பதற்றம்தான் என்று சொல்லி ஒரு மனநல மையத்துக்கு அனுப்பினார்.

அங்கே எந்த ஆலோசகருக்கு நேரம் இருந்ததோ அவரிடம் எங்களைப் பிரித்து அனுப்பினார்கள். எனக்கு ஒரு மராத்திப் பெண்மணி, தம்பிக்கு ஓர் இளைஞர். சிகிச்சை ஒன்றுதான். அதே மூச்சுப் பயிற்சி, பயத்துக்கு மதிப்பெண் போடும் அதே தாள்.

மூன்றாவது வாரம் என் தாள் காலியாக இருந்தது. மேடம் அதை மடித்து வைத்துவிட்டு, "கிளம்புங்க, ரெண்டு பேரும் பஸ்ல போயிட்டு வருவோம்" என்று இந்தியில் சொன்னார். தாபோடி வரை பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். வழியில், "அப்பா அன்னைக்கு என்ன வாங்கப் போனார்?" என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. எனக்காகத் தலைவலி மாத்திரை வாங்கத்தான் போனார் என்று அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். நான் அழுது முடிக்கும்வரை பஸ்ஸை விட்டு இறங்காமல் கூடவே இருந்தார்.

தம்பியும் தாளை நிரப்பாமல்தான் போனான். லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஹோம்வொர்க் செய்யாம எப்படிச் சரியாகும்?" என்று கேட்டாராம் அந்த இளைஞர்.

"அக்கா, என்னைய உன் மேடத்துகிட்ட மாத்திவிடச் சொல்லேன். அந்த ஆளு முன்னால எனக்குப் பேச்சே வரமாட்டேங்கு."

"ரெண்டு பேரும் ஒண்ணத்தாம்ல சொல்லித் தாராங்க. நீ ஒழுங்கா செய்யல. ஆள மாத்தி என்ன ஆவப் போவுது?"

அடுத்த வாரத்திலிருந்து அவன் அங்கே போகவில்லை.

ஆபீஸுக்கும் போகாமல் ஆறு மாதத்தில் அவன் வேலை போனது. நான் தேறியிருந்தேன். சிகிச்சையின் கடைசி நாள் என் மேடத்திடம் அவனைப் பற்றிச் சொன்னபோது, அவர் முகம் மாறிவிட்டது. "ஆள் ஒத்துவரலைன்னா மாத்திக்கலாமே. அப்பவே ஏன் சொல்லல?"

அன்றே சாங்வியிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, "வாடா, அவங்ககிட்டயே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"இன்னொரு ஆளுகிட்ட முதல்ல இருந்து எல்லாத்தையும் சொல்ல என்னால முடியாதுக்கா."

நான் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். இப்போது அவன் கூடத்துக்குக்கூட வருவதில்லை. அம்மாதான் சாப்பாட்டை அவன் அறைக்குள் கொண்டுபோய் வைக்கிறாள்.