காலாப்பட்டு பஸ் வரும்வரை

என் மனைவி காலாப்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் டவுனில் கணக்கு வாத்தியார். எழுபதுகளின் இறுதியில் எங்களுக்குக் கல்யாணம். மாலையில் அவள் வரும் பஸ் பத்து நிமிடம் தாமதித்தால் போதும், என்னை விட்டுப் போய்விட்டாள் என்று முடிவு கட்டிவிடுவேன். காலையில் அவளைப் போல் ஒருத்தி உண்டா என்று கொஞ்சிய அதே வாயால், தெருமுனையில் அவள் தலை தெரிந்ததுமே கத்தத் தொடங்குவேன். எதிர்வீட்டு சன்னல்கள் திறக்கும். பிறகு அவள் காலடியில் உட்கார்ந்து அழுவேன். இதற்கு 'பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர்' என்று ஒரு பெயர் இருப்பது அறுபது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. பெயர் தெரியாமல் செய்தாலும் செய்தது நான்தான்.

ஐந்தாவது வருடம் ஒருநாள் அவள் நிதானமாகச் சொன்னாள்.

"இன்னொரு வாட்டி தெருவுல கத்துனீங்கன்னா நான் வேலய விட்டுடறேங்க. அக்கம்பக்கத்துல தல காட்ட முடியல."

அந்த வேலை அவளுக்கு உயிர். நான் பயந்துபோனேன். மறுநாள் பஸ் தாமதமானதும் வீட்டில் நிற்காமல் பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தேன். மீன் வரிசையில் குருசுக்குப்பத்து அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெட்டி நிறைய ஐஸ். உடம்பு கொதித்தது. யோசிக்காமல் இரண்டு கைகளையும் முழங்கை வரை அதற்குள் விட்டேன்.

"யோவ் முசே! மீனு வேணும்னா கேளு. கைய எதுக்கு ஊறப் போடுற?"

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் வாத்தியாரை முசே என்பார்கள். கை மரத்துப்போனது. கூடவே மண்டைக்குள் இருந்த கூச்சலும் அடங்கியது. வெட்கத்தோடு மத்தி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அதுவே வழக்கமாகிவிட்டது. ஐஸில் கை வைத்தால் மீன் வாங்கியே ஆகவேண்டும், அதிக நேரம் வைத்தால் பெரிய மீனாக வாங்கவேண்டும் என்று அந்த அம்மாள் சட்டம் போட்டாள். வாரத்தில் நான்கு நாள் மீன் குழம்பு. தெருப் பூனைகள் கொழுத்தன. மனைவி வந்ததும் பையைத் திறந்து பார்ப்பாள்.

"இன்னைக்கு வஞ்சிரமா? அவ்ளோ கோவமா?"

"ஒரு மணி நேரம் லேட்டு."

"நாளைக்கு நேரத்தோட வந்துடறேங்க. சுறாவுக்கு நம்ம சட்டி பத்தாது."

இப்படிச் சிரித்தே இரண்டு மாதம் ஓடியது. ஐப்பசியில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. அன்று பஸ்ஸும் நேரத்துக்கு வரவில்லை. மார்க்கெட்டுக்கு ஓடினால், அந்த அம்மாள் கருவாடு விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"ஐஸ் எங்கக்கா?"

"கருவாட்டுக்கு எவன்யா ஐஸ் போடுவான்? மழதான் சும்மா ஊத்துதே, போய் நில்லு!"

போய் நின்றேன். நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து காலாப்பட்டு பஸ் வந்தது. படியில் இறங்கிய மனைவி என்னைப் பார்த்ததும் சட்டென்று வேறொரு பெண்ணின் பின்னால் ஒதுங்கினாள். அவள் என்னைக் கண்டு பயப்படுவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பல்லெல்லாம் குளிரில் அடித்துக்கொண்டது.

"பயமா இருந்துச்சு. நீ வரமாட்டியோன்னு" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னாங்க?" என்றாள். குடையை என் தலைக்கு மேல் பிடித்தாள். அது காற்றில் மடங்கி வாய் திறந்துகொண்டது. இருவரும் நடுரோட்டில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

வேலையை அவள் விடவில்லை. ஓய்வு பெறும்வரை காலாப்பட்டுக்கே போய்வந்தாள். பிறகும் சில முறை நான் கத்தியிருக்கிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் பெரும்பாலும், கத்துவதற்கு முன்னால் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இரண்டே வார்த்தை. அதைச் சொல்லாத ஐந்து வருடமும், அந்தப் பஸ் எங்கள் ஊரை நெருங்க நெருங்க அவள் எப்படி உட்கார்ந்து வந்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன்.