ஒரே நாளில் எழுதிய முப்பது நாள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அந்தச் சிறப்புப் பள்ளியில் ‘தலைவர்’ என்று பெயர். பெற்றோர் சங்கம் தொடங்கிய அன்று மற்றவர்கள் வேலைக்கு ஓடும் அவசரத்தில் கையைத் தூக்கிவிட்டுப் போக, இவர் பதவியைப் பிடித்துக்கொண்டார். மைக்கைக் கண்டால் மனிதருக்கு இருப்புக்கொள்ளாது. “பெத்தவங்கதாங்க முதல் டீச்சர், பள்ளிக்கூடமெல்லாம் அப்புறம்” என்று ஆரம்பித்தால், வேன்காரர் ஹாரன் அடித்தால்தான் ஓய்வார்.

அவர் மகளுக்கு ஒன்பது வயது. பேச்சு இல்லை, விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. சட்டைப் பொத்தான் போடுவதுதான் அந்த ஆண்டு அவளுக்குப் பாடம். தினமும் வீட்டில் கால் மணி நேரம் பழக்கி, நடந்ததை ஒரு நோட்டில் எழுதி மாதா மாதம் கொடுக்க வேண்டும். மனைவிக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மாலை ஷிப்டு. அதனால் பொத்தான் பொறுப்பு அவருடையது.

“நீ கவலையே படாத, நான் பாத்துக்கறேன்” என்றார்.

பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்: மகள் டிவி முன்னால் கிடப்பாள், அவர் போனில் மற்றப் பெற்றோருக்கு அறிவுரை அனுப்பிக்கொண்டிருப்பார். மாதக் கடைசியில் கடையில் உட்கார்ந்து முப்பது நாளையும் ஒரே மூச்சில் எழுதித் தள்ளுவார். சந்தேகம் வராமலிருக்க மூன்று நிறத்தில் பேனா வேறு. ‘இன்று இரண்டு பொத்தான்.’ ‘இன்று மூன்று. சிரித்தாள்.’ நான்காம் மாதம் அந்த நோட்டில் பிள்ளை ஆறு பொத்தானையும் தானே போட்டுவிட்டாள். ஏட்டுச் சுரைக்காய் இவர் கையில் பந்தல் கொள்ளாமல் காய்த்தது.

டீச்சர் அதை அப்படியே நம்பினாள். வீட்டில் செய்வதை வகுப்பில் செய்ய மறுக்கிறாள், வெறும் பிடிவாதம் என்று முடிவுகட்டி, ஷூ கயிறு கட்டும் பாடத்தை ஆரம்பித்தாள். பொத்தானே பிடிபடாத விரலுக்குக் கயிறா பிடிபடும்? பிள்ளை தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்ளத் தொடங்கினாள்.

ஒரு காலை குளிப்பாட்டும்போது தாய் அந்தப் பல்தடத்தைப் பார்த்தாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மகளோடு பள்ளிக்குப் போனாள்.

“வீட்ல எல்லாம் போடறா, இங்க மட்டும் மாட்டேங்கறா. செல்லத்தக் கொஞ்சம் குறைச்சுக்குங்கம்மா” என்று டீச்சர் நோட்டை நீட்டினாள்.

தாய் பக்கங்களைப் புரட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இந்த வாரம் பூரா இவ காய்ச்சல்ல ஆஸ்பத்திரில படுத்திருந்தா. கையில ஊசி சொருகி கட்டுப் போட்டிருந்தாங்க. அந்தக் கையாலதான் அஞ்சு பொத்தான் போட்டாளா டீச்சர்?”

அந்தப் பக்கத்தின் கீழே டீச்சரின் கையெழுத்து இருந்தது.

தாய் மகளைக் கூட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். பிரேம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு நடுவே நோட்டைப் போட்டாள்.

“இவளை ஒரு பொத்தான் போட வைங்க பார்ப்போம். ஒண்ணே ஒண்ணு.”

“கஸ்டமர் இருக்காங்க...” என்று இளித்தார்.

“இருக்கட்டும்.”

அவர் குனிந்தார். மகள் எந்தக் கையால் தொடங்குவாள் என்றுகூடத் தெரியவில்லை. கடித்துப் புண்ணாகியிருந்த மணிக்கட்டையே எட்டிப் பிடித்தார். அவள் வீறிட்டு, உதறிக்கொண்டு தாயின் முதுகுக்குப் பின்னால் ஒண்டினாள்.

“மத்த அப்பனுங்க பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்கறதில்ல. நான் தலைவரா இருக்கேன்!”

“ஊருக்கு இருங்க. இவளுக்கு வேண்டாம்.”

அடுத்த வாரமே அவள் காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். பழைய கோட்டிலிருந்து பெரிய பொத்தான்களை வெட்டி ஒரு துணியில் தைத்து, அதிலிருந்து ஆரம்பித்தாள். பள்ளியிலும் கயிற்றை விட்டார்கள். நோட்டில் இப்போது அவள் எழுத்து: ‘இன்று முடியவில்லை. இரண்டு பேரும் அழுதோம்.’ டீச்சர் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். பதினான்காம் வாரம் ஒரு பொத்தான் ஓட்டைக்குள் நுழைந்தது. ஆண்டு முடிவில் நான்கு.

ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் மைக்கைப் பிடித்தார். “இந்தப் பொத்தானுக்காக நாங்க பட்ட பாடு இருக்கே...” என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். பெற்றோர்கள் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த மனைவியிடம் டீச்சர் குனிந்து, “நான் எழுந்து உண்மையைச் சொல்லட்டுமா?” என்றாள்.

“வேண்டாம் டீச்சர். அவருக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். பேசிட்டுப் போகட்டும்.”

மகளைக் கூட்டிக்கொண்டு அவள் வெளியே போனாள். அதற்குப் பிறகும் அவர் இருபது நிமிடம் பேசினார்.