வக்கீல்சாப் துலுக்கவில்லை

மாட்டுங்கா ஸ்டேஷனுக்குக் கிழக்கே மரத்தடியில் இஸ்திரி மேசை போட்டிருக்கும் சுடலைக்கண்ணனைப் பற்றி நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியும் உண்மைதான். கொஞ்சம் கஞ்சி போட்டு விறைப்பாக்கியிருக்கிறேன், அவ்வளவே.

அவர் தேய்த்துக் கொடுத்த பேண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பேங்க் மேனேஜர் மார்க்கெட்டுக்குள் நடந்தபோது, பேண்டின் மடிப்பு உரசி ஒரு தர்பூசணி இரண்டாகப் பிளந்து விழுந்ததாம். பழக்காரன் கோபிக்கவே இல்லை. "சாப், கல் பீ ஆனா!" என்று, நாளைக்கும் வரச்சொல்லிக் கெஞ்சினானாம். அப்படிப்பட்ட மடிப்பு. பெட்டி சூடு பாதி, தண்ணீர் பாதி என்பார் சுடலைக்கண்ணன். பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் மக்கில் கையை முக்கி விரலை விசிறி ஒரு தெளி தெளித்தால், பாதி துணியில் விழும். மீதி மேசைக்கடியில் படுத்திருக்கும் கறுப்புக் கிடாவின் முதுகில் விழும்.

கிடாவின் பெயர் வக்கீல்சாப். ஹைகோர்ட் வக்கீல் கோகிலவாணியின் கறுப்பு கவுனும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் இஸ்திரிக்கு வந்த அன்று, குட்டியாக இருந்த இது பட்டையை மென்று தின்றுவிட்டது. பாதி உள்ளே, பாதி வெளியே தாடியாகத் தொங்க அது நின்ற கோலத்தைப் பார்த்துக் கோகிலவாணியே வைத்த பெயர்.

கோகிலவாணி காசு வாங்காமல் மிருகங்களுக்காக வழக்காடுகிறவள். ஒருநாள் கவுன் வாங்க வந்தவள் புலம்பினாள்.

"அண்ணே, வாயில்லா ஜீவனைக் கொடுமைப்படுத்தினா முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சமே அம்பது ரூபா. அறுபதாம் வருஷம் போட்ட சட்டம். இன்னும் அப்படியே இருக்கு."

சுடலைக்கண்ணன் தூக்கிய பெட்டியை இறக்காமல் நின்றார்.

"அம்பதா? இங்க ஒரு மசாலா தோசை வராதே வக்கீலம்மா!"

"வராது."

"அப்ப தோசைக்குப் பதிலா ஒரு கழுதைய அடிச்சிட்டுப் போலாம், அதுதான் லாபம்னு சட்டமே சொல்லுதா?"

அன்றைக்குப் பிடித்தது அவருக்குப் பைத்தியம். சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் கோகிலவாணியின் ஆட்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாளில் ஒரு கட்டு சுடலைக்கண்ணனின் மேசைக்கு வந்தது. அதன் பிறகு கையெழுத்துப் போடாதவருக்குத் துணி கிடையாது. என் சுங்கடிப் புடவைகூட ஒரு வாரம் பிணைக்கைதியாக இருந்தது. கண்ணாடி மறந்துபோனதால் போடவில்லை என்றால் கேட்கிற ஆளா? கல்யாண ஷெர்வானியைக் கேட்டு வந்த ஒரு மாப்பிள்ளையை நிறுத்திவைத்து, ஊர்வலத்தில் வந்த அத்தனை பேரிடமும் வாங்கினார். குதிரையும் தானாக முன்வந்து குளம்பைப் பதித்தது என்று கேள்வி. அதற்கு எப்படி மனசில்லாமல் போகும்?

யாராவது காக்காயை விரட்டினால், அந்தச் சட்டத்திலிருந்து "செக்‌ஷன் பதினொண்ணு!" என்று கத்துவார். தாராவியில் குடிசைக்குப் பதிலாக கவர்மெண்ட் புதிதாகக் கட்டிக்கொடுத்த பில்டிங்கில் ஏழாவது மாடி வீடு அவருக்கு. அங்கே மாமியார் மீனாட்சியம்மாள் கரப்பான் பூச்சிமேல் துடைப்பத்தை ஓங்கினாலும் அதே செக்‌ஷன்தான்.

"அதுக்கும் அம்பது ரூவாயா மாப்ளே?" என்பார் அந்த அம்மாள். "இந்தாரும், நூறு ரூவா. இன்னொண்ணையும் சேத்து அடிச்சிக்கிடுதேன்."

மாமியாரிடம் மட்டும் அவருடைய சட்டம் வாலைச் சுருட்டிக்கொள்ளும். ஏனென்றால் வக்கீல்சாப்பே மாமியாரின் சொத்து. 'பில்டிங்ல வீடு கிடைச்சா உனக்கு ஒரு கறுப்புக் கிடா' என்று சுடலைமாடனுக்கு நேர்ந்துகொண்டு அந்த அம்மாள் வாங்கிவிட்ட குட்டி அது. வீடு கிடைத்துவிட்டது. வீட்டில் விட்டால் பக்கத்து வீட்டு மிதியடியைத் தின்கிறது என்று, சுடலைக்கண்ணன் அதைத் தினமும் தன்னோடு மாட்டுங்காவுக்குக் கூட்டிக்கொண்டு வருவார். லிஃப்டில் கொம்பால் பொத்தானை அமுக்கி இரண்டும் இறங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது எந்த மாடியையும் தவறாக அமுக்கியதில்லை, சுடலைக்கண்ணன்தான் தவறாக அமுக்குவார்.

ஆக, கிடா அவருக்குப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவும் வந்துவிட்டது.

"அத்தை, ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்," என்று மெல்ல ஆரம்பித்தார். "கிடாவுக்குப் பதிலா ஒரு பூசணிக்கா..."

"சாமிக்குக் கிடான்னு சொல்லிட்டுக் காயக் கொண்டு நீட்டவா? வீடுன்னு சொல்லிட்டு கவர்மெண்டு உமக்கு ஒரு கக்கூஸக் குடுத்திருந்தா வாங்கியிருப்பீரா?"

அவருடைய மனைவி இசக்கிசெல்வி சிரிப்பை அடக்கமுடியாமல் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் கோகிலவாணி கவுனுக்கு வந்ததும் அவர் காலில் விழாத குறை. "வக்கீலம்மா, ஏதாவது ஒரு செக்‌ஷன் போட்டு இதைக் காப்பாத்துங்க."

அவள் உதட்டைப் பிதுக்கினாள். "சாமிக்குப் படைக்கிறதுக்கு அந்தச் சட்டத்துலயே விலக்கு இருக்கு அண்ணே. தெருவுல வெட்டக்கூடாது, அது மட்டும்தான்."

"தெருவுல வெட்டல. கோயில்ல சம்மதம் கேட்டுட்டு, தேவ்நார்ல ஆடு வெட்டுத முனிசிபாலிட்டி தொட்டிக்கு டெம்போவுல ஏத்திருவாக. நாகூர் கனி வண்டி. சொல்லி வச்சாச்சி."

"சம்மதமா? யார்கிட்ட?"

"ஆட்டுக்கிட்டதான். மஞ்சத்தண்ணி தெளிப்பாக. உடம்ப ஒரு உதறு உதறிச்சுன்னா சம்மதம். துலுக்குததுன்னு சொல்லுவோம். துலுக்காம வெட்டுனா சாமி ஏத்துக்கிடாது."

கோகிலவாணி கவுனைக் கீழே போட்டுவிட்டாள். "மிருகத்துக்கும் ஒரு விருப்பம் உண்டு, அதைக் கேக்கணும்னு நாங்க கோர்ட்ல தொண்டை கிழியக் கத்திட்டிருக்கோம். உங்க சாமி அதை எப்பவோ சட்டமாக்கிட்டாரா?"

"ஆக்கி என்ன செய்ய? எந்த ஆடும் இன்னிக்கு வரைக்கும் முடியாதுன்னு சொன்னதில்ல. தண்ணி பட்டா உதறாத ஆடு எங்க இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே மக்கில் கையை விட்டு ஒரு தெளி தெளித்தார். பாதி கவுனில் விழுந்தது. மீதி வழக்கமான இடத்தில் விழுந்தது. வக்கீல்சாப் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

கொடையன்று காலையில் கிடாவின் கழுத்துக்குக் கட்டும் சிவப்புத் துண்டைத் தேய்த்தார். மக்கு தேவைப்படவில்லை. கண்ணீர் தெளித்தே தேய்த்து முடித்தார். பெட்டியும் 'ஸ்ஸ்' என்று கூடவே அழுதது.

மத்தியானம் தாராவிச் சந்தில் மேளம் பிளந்தது. பூசாரி சுயம்பு அண்ணாச்சி சொம்போடு வந்தார். மாமியார் கைகூப்பி முன்னால் நின்றார். கூட்டத்தில் கோகிலவாணியும் இருந்தாள். சுடலைக்கண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணாச்சி தெளித்தார். கிடா சும்மா நின்றது.

இன்னொரு தரம். கிடா கண்ணைப் பாதி மூடி, காதைத் தொங்கவிட்டு, அடுத்து சூடான பெட்டி வரும் என்று காத்திருக்கிற சட்டை மாதிரி நின்றது.

"என்னவே, ஆட்டுக்கு உசுரு இருக்கா?" என்றது ஒரு குரல். சொம்பு முழுவதும் கவிழ்ந்தது. வாளி வந்தது. வாளிக்குப் பின்னால் டிரம் வந்தது. மேளக்காரர் நனைந்து துலுக்கினார். ஓரத்தில் படுத்திருந்த நாய் துலுக்கியது. அண்ணாச்சியே தொப்பலாகி இரண்டு தரம் துலுக்கினார். சந்து முழுக்கச் சாமிக்குச் சம்மதம் தெரிவித்துவிட்டது, கிடாவைத் தவிர. அது அண்ணாச்சியின் மாலையை எட்டி ஒரு வாய் கடித்தது.

"அண்ணாச்சி, வண்டி நிக்குது! போவுமா, போவாதா?" என்று நாகூர் கனி ஹாரன் அடித்தார்.

அண்ணாச்சிக்குப் பொறுமை போயிற்று. "காதுக்குள்ள ஊத்துனா துலுக்காம எங்க போகும்?" என்று கிடாவின் காதைப் பிடித்துச் சொம்பைச் சாய்க்கப் போனார். எந்த ஆடும் அதற்குத் தப்பாது. தலையை உதறியே தீரும்.

"நிறுத்தும்வே!" சுடலைக்கண்ணன் பாய்ந்து குறுக்கே விழுந்தார். "சம்மதம் கேக்கதுக்குத்தான் தண்ணி. காதுல ஊத்தி வாக்குமூலம் வாங்கதுக்கா? போலீஸ் ஸ்டேஷனா இது?"

"அப்ஜெக்‌ஷன் சஸ்டெயின்ட்!" என்று கோகிலவாணி தன்னையறியாமல் கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒரு வாயாடிப் பொம்பளப் பிள்ளையும் இஸ்திரிக்காரனும் எனக்குப் பூசை சொல்லித் தாறியளோ?" என்றார் அண்ணாச்சி. "நேந்தவுக சொல்லட்டும். மீனாட்சி மயினி, ஊத்தவா, வேண்டாமா?"

சந்தே மாமியாரின் வாயைப் பார்த்தது. சுடலைக்கண்ணன் கிடாவைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மீனாட்சியம்மாள் கிடாவைப் பார்த்தார். அண்ணாச்சியின் கையிலிருந்த சொம்பைப் பார்த்தார்.

"எங்க ஊர்ல காதுல ஊத்துத பழக்கம் கிடையாது," என்றார். "சாமிய ஏமாத்தி வீடு வாங்கல. சாமிய ஏமாத்திக் கிடாவும் குடுக்க மாட்டேன். இந்த வருசம் அதுக்கு மனசில்ல. அடுத்த கொடைக்குக் கேப்போம்."

"வாய்தா!" என்று கூவினாள் கோகிலவாணி. "சாமியே வாய்தா குடுத்துட்டாரு!"

சொல்லி வைத்த டெம்போவைச் சும்மா அனுப்ப வேண்டாமென்று, வக்கீல்சாப்பை முன்சீட்டில் ஏற்றித் தாராவியை ஒரு சுற்று சுற்றிக் காட்டினார் நாகூர் கனி. சிக்னலில் நின்ற டிராஃபிக் போலீஸ் சல்யூட் வைத்தார் என்பது என் கஞ்சி.

மறுநாள் காலையில் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு மாமியார் மாட்டுங்காவுக்கு வந்தார். எப்போதும் வராதவர். சுடலைக்கண்ணன் கவனிக்கவில்லை. கையை முக்கினார், தெளித்தார், தேய்த்தார். மறுபடி முக்கினார், தெளித்தார். மேசைக்கடியில் கிடாவின் முதுகு நனைந்து மின்னியது. கிடா ஒரு மயிரைக்கூட அசைக்கவில்லை.

மாமியார் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தூக்குவாளியைக் கீழே வைத்து, மக்கில் தன் கையை விட்டு, கிடாவின் மேல் ஒரு தெளி தெளித்தார்.

ஒன்றுமில்லை.

சுடலைக்கண்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது. "அத்தை, சத்தியமா எனக்கே தெரியாது..."

"நான் ஒண்ணும் கேக்கலியே மாப்ளே," என்றார் மீனாட்சியம்மாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "வெயில் காலம் வருது. அது தினமும் இங்கயே நிக்கட்டும். தண்ணிய மட்டும் கொஞ்சம் தாராளமாத் தெளியும்."