பன்னிரண்டு ஜோடிச் செருப்பு

என் அண்ணன் கல்யாண வீடியோ எடுப்பவன். தெருவில் அவன் பெயர் ‘ஸ்லோமோஷன்’. மாப்பிள்ளை தும்மினால்கூட அரை நிமிடம் இழுத்துவிடுவான். ஆனால் வந்தவர்களில் ஒருத்தர் முகம்கூட அவன் வீடியோவில் விட்டுப்போகாது. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு மணப்பெண்ணின் பெரியப்பாவை விட்டுவிட்டான். அடுத்த மாதமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். “எங்கப்பா எங்கே?” என்று வீடியோவைப் பார்த்து அவர் மகள் கேட்டது இருபது வருடமாக இவன் காதைவிட்டுப் போகவில்லை.

அவனிடம் போய் என் துப்பறியும் நாவலுக்கு ஒரு நிமிட டிரெய்லர் கேட்டேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல! மருந்துக்கடை வேலைக்கு நடுவே ஐந்து வருடம் எழுதிய நாவல். பதிப்பாளர் கையில் மூன்று புதுக் கதைகள் இருந்தன. மூன்றின் டிரெய்லரையும் இணையத்தில் போட்டு, வாசகர்கள் அதிகம் கேட்கும் ஒன்றை மட்டுமே அச்சிடுவேன் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை கெடு.

கதை இதுதான்: ஒரு வீட்டு விருந்துக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், பதினொரு பேர்தான் திரும்புகிறார்கள்.

சனிக்கிழமை காலை அண்ணன் வாயெல்லாம் பல்லாக டிரெய்லரைப் போட்டுக் காட்டினான். நடித்த அக்கம்பக்கத்தாரும் பார்க்க வந்து கூடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏழு நிமிடம்! ஒவ்வொருவராக வந்து சிரித்தார்கள். கடைசியில் என் கதையில் வரும் பல் டாக்டர் மெல்ல, மிக மெல்ல, விஷப் புட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

“அடப்பாவி அண்ணா! கொலைகாரனையே காட்டிட்டியே! இனி எவன் புத்தகம் வாங்குவான்?”

“மாப்பிள்ளையக் காட்டாம வீடியோ எடுக்க முடியுமா?”

“இது கல்யாணமா? கொலை! ஒரு நிமிஷத்துக்கு வெட்டு.”

“கூப்பிட்டதும் வந்து நடிச்சாங்க. இதுல யார வெட்டச் சொல்ற?” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “அஞ்சு வருஷம், அண்ணா. இப்ப விட்டுப்போகப் போறது என் முகம்தான்.”

வாசலில் வழியை அடைத்துக் கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்த அண்ணி, “எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு இதப் பாத்தாலே தெரியுதே, முகம் எதுக்கு?” என்றாள்.

அண்ணன் செருப்புகளைப் பார்த்தான். கேமராவை எடுத்தான்.

புது டிரெய்லர் ஐம்பது வினாடி. மூடிய கதவு, வெளியே பன்னிரண்டு ஜோடிச் செருப்பு. உள்ளே சிரிப்புச் சத்தம். கதவு திறக்கிறது. கால்கள் மட்டும் வந்து ஒவ்வொரு ஜோடியாக மாட்டிக்கொண்டு போகின்றன. ஒரு ஜோடி மிஞ்சுகிறது. ஸ்லோமோஷன் மருந்துக்கும் இல்லை. நடித்தவர்கள் “அது என் செருப்பு!” என்று குதூகலித்தார்கள், ஒருவரும் குறைசொல்லவில்லை.

அடுத்த வாரம் பதிப்பாளர் கூப்பிட்டார். “கடைசிச் செருப்பு யாரோடதுன்னு கேட்டு உயிர வாங்குறாங்கம்மா. உங்க நாவல்தான் அச்சுக்குப் போகுது.”

துள்ளிக் குதித்து அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்ததும் நின்றேன். நீல நூலால் தைத்த வார். டிரெய்லரில் மிஞ்சிய அதே செருப்பு.

“அன்னிக்கு வந்தது பதினொரு பேர்தான். ஒரு ஜோடி குறைஞ்சுது, என்னோடத வெச்சேன்” என்றான் அண்ணன்.

எல்லோரையும் எடுத்தவன், தான் மட்டும் ஒரு வீடியோவிலும் இருந்ததில்லை. “ஒருவழியா நீயும் வந்துட்ட” என்றேன்.

“வந்தேன், செத்தவனா!” என்று சிரித்தான்.

பின்னட்டையில் என் படத்துக்குப் பக்கத்தில் அவன் படத்தையும் போடச் சொல்லிவிட்டேன். கூடவே கூடாது என்று குதிக்கிறான். குதிக்கட்டும்.